அடுக்களைக்குப் போகிற வழி

சங்கரநயினார் பாலைவன வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த வாரத்திலேயே, ஒருநாள் காலையில், அடுக்களையில் கொதிக்கக் கொதிக்க ஆற்றி எடுத்த காப்பி முன்னறையான பட்டாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறி ஆடை கட்டிவிட்டது. கொண்டுவந்த ஆவுடைத்தங்கத்துக்கு நெற்றி வியர்த்திருந்தது. கட்டின பெண்டாட்டியிடம் எப்படிக் கேட்பது, காப்பி ஏன் ஆறிப்போச்சு என்றா, நீ ஏன் மூச்சு வாங்குகிறாய் என்றா. ஆறின காப்பியைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் டம்ளருக்கு மேல் மூடி வந்தது. அதற்கு மறுநாள் காப்பி பிளாஸ்கில் வந்தது. பிறகு ஒருநாள் அவர்கள் மகள் சிந்துஜா, அடுக்களைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, வீடு நீளமாயிட்டே போகுது" என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

தெருவில் நின்று பார்த்தால் ஒரு மாற்றமும் கிடையாது. புளியங்குடியில் எலுமிச்சங்காய்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை, பின்சுவர் அடுத்த தெருக்காரனின் பின்சுவரோடு முதுகு ஒட்டி நிற்பது, ஆகவே யாருக்கும் கொல்லைவாசல் இல்லை, போவதும் வருவதும் முன்வாசல் ஒன்றுதான். உள்ளே பட்டாசல், அதைத் தாண்டி நடு அறை, அதைத் தாண்டி அடுக்களை, ரயில் பெட்டிகள் மாதிரி. பட்டாசல் பட்டாசலாகவே இருந்தது. அடுக்களை அடுக்களையாகவே இருந்தது. நடுவில் இருந்த அறைதான் வளர்ந்தது, காவி பூசிய சிவப்புத் தரையோடு, வெளிச்சத்துக்காக மேலே பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடியோடு, வெந்த மண்ணின் வாசனையோடு, நாளுக்கு நாள், பேச்சுமூச்சு இல்லாமல்.

அந்தச் சிவப்பு அவருக்குத் தெரிந்த சிவப்பு. மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்பாலையில், ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில், கனரக வண்டி மெக்கானிக்காகப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். தகர டப்பாக்களை வரிசையாக அடுக்கினாற்போல அறைகள் நிற்கும் முகாமில் படுத்து, எந்நேரமும் ஒரே சுவையில் இருக்கிற மெஸ் சாப்பாட்டைத் தின்று, ஈ மொய்க்காமல் இருக்க முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர். பாதையில் எங்காவது ஒரு லாரி நின்றுபோனால் அந்த லாரியைத் தேடிப் போவது அவர் வேலை. லாரி என்றால் நம்மூர் லாரி இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைக் கோத்து இழுத்துக்கொண்டு ரயில்போல ஓடுவது. அது நின்ற இடத்துக்கும் முகாமுக்கும் நடுவே புளியங்குடிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் கிடக்கும், வழியில் ஒரு டீக்கடை, ஒரு நாய், மூத்திரம் பெய்ய ஒரு சுவர் இருக்காது. கிளம்புவதற்கு முன்னால் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட வேண்டும், நான் இன்னார், இன்ன பாதையில் போகிறேன், இன்ன நேரத்துக்குச் சேருவேன், சேரவில்லை என்றால் ஆள் அனுப்புங்கள் என்று. நின்றுபோன வண்டியின் டிரைவருக்கும் ஒரு சட்டம் உண்டு, வண்டியை விட்டு நடக்காதே என்று. வண்டி தூரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியும், மனுஷன் தெரியமாட்டான். ஒரு தடவை அவர் போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றது, கதவு திறந்து கிடந்தது, தண்ணீர் கேன் சீட்டில் முக்கால்வாசி நிறைந்து இருந்தது, டிரைவரைக் காணோம். மண்ணில் கால்தடம் நேராகப் போய், பிறகு லேசாக இடதுபக்கம் வளைந்து, பிறகு வட்டம் போட ஆரம்பித்திருந்தது. அந்த வட்டத்தின் கடைசியில் என்ன இருந்தது என்று அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் வீடு நீண்டபோது அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது. பெட்டியில் ஒட்டிக்கொண்டு மண் வருவதுபோல அந்தத் தூரமும் கூடவே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வந்துவிட்டது, இனி அதன் சட்டப்படிதான் நடக்க வேண்டும். இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பட்டாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நடு அறையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

ஆவுடைக்கும் ஒரு சட்டம் இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்த தட்டு பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வந்து விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படி. யாரும் கட்டாயப்படுத்தியது இல்லை. சிந்துஜா கேலி செய்து செய்து சலித்துப்போனாள். அவர் அங்கே இருந்த வருஷங்களில் தட்டுச் சத்தத்துக்குப் பதிலாக ஃபோனில் ஒரு வார்த்தை வரும், சாப்ட்டாச்சு என்று. அங்கே பொழுது முந்தி ஓடுவதால் அவளுக்குப் பசி எடுக்கிற நேரத்தில் அவர் எப்போதும் சாப்பிட்டு முடித்தவராக இருந்தார். முடிக்காத நாளிலும், ஏதாவது வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த நாளிலும், எண்ணெய்க் கையோடு அந்த வார்த்தையை அனுப்பிவிடுவார். கடல் தாண்டி இருந்துகொண்டு அவளை நேரத்துக்குச் சாப்பிட வைத்தவர் பக்கத்தில் வந்ததும் தடுமாறிப்போனார். வந்த அன்றைக்கு, முகாம் பழக்கத்தில், சாப்பிட்ட தட்டைப் பட்டாசல் வாஷ்பேசினிலேயே கழுவி, துடைத்து, சத்தம் கேட்காமல் அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். முகாமில் அதுதான் மரியாதை. அடுக்களையில் அவள் காத்திருந்தாள். காத்திருந்து பார்த்துவிட்டு, அவியளுக்கு வயிறு சரியில்லை போல என்று எண்ணி, சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்தாள். மறுநாள் விஷயம் தெரிந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்தார்கள், விருந்தாளிகள் மன்னித்துக்கொள்வதுபோல, ஐயையோ பரவாயில்லை என்று.

வீடு நீள ஆரம்பித்த பிறகும் ஒரு தடவை அவர் அடுக்களைக்கு நடந்து போகத்தான் செய்தார். போய்ச் சேர்ந்தபோது அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, "இம்புட்டு தூரம் ஏன் வந்தீய, சொல்லிவிட்டா குடுத்து விட்டிருப்பம்லா" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டு, விருந்தாளிக்குச் செய்வதுபோல அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டித் தூசி துடைத்து விட்டாள் பாருங்கள், அதோடு அவர் திரும்பிவிட்டார். பிறகு போகவில்லை. சிந்துஜாதான் ஸ்கூட்டியில் தூக்குச்சட்டியைக் கொண்டுவருவாள், காலித் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொண்டுபோவாள், அது போய்ச் சேர்ந்த பிறகு ஆவுடை சாப்பிடுவாள். ஃபோன் பேசிப் பார்த்தார்கள். நடு அறையின் பாதியிலேயே டவர் செத்துவிட்டது, அதற்கு அந்தப்பக்கம் யாரைக் கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள்.

தெரு இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. பால்காரர் பூலோகபாண்டி ஒருநாள் தலையைச் சொறிந்துவிட்டு மறுநாளில் இருந்து டிவிஎஸ்ஸை வாசல்படியில் ஏற்றி உள்ளேயே ஓட்டிக்கொண்டு போனார், பெட்ரோலுக்கு மட்டும் தனியாகச் சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காக நடக்கச் சொல்லப்பட்டவர்கள், பஜாரில் நடந்தால் லாரிக்காரன் மேலே ஏற்றுகிறான் என்று, காலையில் கூட்டமாக வந்து, அண்ணாச்சிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கையை வீசி வீசி நடு அறைக்குள் மறைந்து வெயில் ஏறினதும் திரும்பி வந்தார்கள். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் வந்தார்கள். நகராட்சியில் இருந்து ஒருவர் டேப்போடு வந்து வெளியே அளந்தார், உள்ளே அளக்க ஆரம்பித்து டேப்பைச் சுருட்டினார், இதற்கு எந்த வரியைப் போடுவது என்று மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவர் வரவே இல்லை. மொட்டைமாடி மட்டும் பழைய அளவிலேயே இருந்ததால், அடுக்களைக்கு நேர் மேலே புகைபோக்கி பக்கத்தில் துணி காயப்போடுகிற பெண்கள் கடுகு தாளிக்கிற வாசனையைப் பிடித்து, மேலிருந்தே தெருவுக்கு எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, மயினி புளிக்குழம்பு தாளிச்சாச்சு" என்று சொல்வார்கள். அந்தப் புகைபோக்கி வழியாகக் குனிந்து பார்த்தால் அடுப்பு தெரியாது, ஆழத்தில் வெறும் சிவப்பாகத்தான் ஏதோ தெரிந்தது, கூப்பிட்டால் பதில் வராது. வாசனை மட்டும் வரும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

எதிர்வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கிற ஜைத்தூன் பீவி தானாகவே ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டாள். நடக்கப் போன ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்ட அன்று, பாலைவனத்தில் இதற்கு என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்டாள். அவர் வயர்லெஸ் முறையைச் சொன்னார். அன்றில் இருந்து உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் வந்து, அக்கா, நான் இன்னார், இவ்வளவு தூரம் போகிறேன், மத்தியான லுஹர் பாங்குக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. பாங்கு சொல்லியும் ஆள் வரவில்லை என்றால் அவள் கடையை விட்டு இறங்கி ஒரு சத்தம் போடுவாள், தெருவில் இருக்கிற வண்டிகள் எல்லாம் கிளம்பும்.

ஆவுடையின் தம்பி கடற்கரையாண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான், ஆனால் வந்தவன் சும்மா வரவில்லை. இடம் வாங்கி விற்கிற தொழில்காரன். ஷூவும் கறுப்புக் கண்ணாடியுமாக நடு அறையின் ஓரத்தில் நின்று, ஒரு கை மண்ணை அள்ளித் தேய்த்துப் பார்த்தான். ஆமாம், காவித்தரை அந்நேரம் அங்கங்கே பொடிந்து மண்ணாகத் தொடங்கியிருந்தது.

"அத்தான், வெளிநாட்டுல இருந்து எல்லாரும் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டாருவாக. நீங்க ஒருத்தர்தான் இடமே கொண்டாந்துருக்கீய" என்றான்.

"மாப்ளே, அது எங்க வீட்டு நடு ரூம்பு."

"ரூம்புதான். ரெண்டு தெருவு அடங்குத ரூம்பு. நீங்க இந்தக் கோடியில, அக்கா அந்தக் கோடியில, நடுவுல யாருக்கும் பிரயோசனமில்லாமத்தான கெடக்கு?"

சங்கரநயினார் பதில் சொல்லவில்லை. அவன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அந்த வாரமே கல் நட்டான், கல்லுக்குக் கல் வண்ணக்கொடி கட்டினான், ஆவணி பிறந்ததும் பத்திரம் பதிந்துவிடலாம் என்று ஆட்களைக் கூட்டிவந்து காட்டினான். வாங்க வந்தவர்கள் மேலே கண்ணாடியைப் பார்த்து வெளிச்சம் நல்லா இருக்கு என்றார்கள். ஒருவர் காம்பவுண்டுச் சுவர் எந்த உயரம் எடுக்கலாம் என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதுவரை அது தானாக வந்த தூரம், தானாகப் போனாலும் போகும். பத்திரம் பதிந்துவிட்டால் சட்டப்படியான தூரம். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஊரான் சுவர் எழும்பும், கேட் போடுவான், நாய் கட்டுவான். அதற்குப் பிறகு அடுக்களைக்குப் போக வேண்டும் என்றால் யார் யாரிடமோ வழி கேட்டு நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தையை அவர் ஒருவராகச் சொல்ல முடியாது, வீடு அவள் பேரிலும் இருக்கிறது, அவளைக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றால் போக வேண்டும். போகவில்லை.

கல்லூரி திறந்ததும் சிந்துஜா திருநெல்வேலி ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று விடியுமுன்னே ஸ்கூட்டியில் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டு, மத்தியானம் கழித்து, இமையெல்லாம் சிவந்த தூசியாகத் திரும்பி வந்தாள்.

"அம்மா எளச்சிட்டா. நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்கப்பா."

"கூப்ட்டாளா?"

"கூப்டல."

"பொறவு?"

"நீங்க கூப்டலைன்னு அவ சொல்லுதா, அவ கூப்டலைன்னு நீங்க சொல்லுதீய. ரெண்டுபேரும் நல்லா இருங்க" என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

தூக்குச்சட்டி கொண்டுவர ஆள் இல்லை. சங்கரநயினார் யோசித்தார், யோசித்து, நல்லது என்று நினைத்தே அந்தக் காரியத்தைச் செய்தார். பூலோகபாண்டியிடம் சொல்லிவிட்டார், எனக்காகச் சமைத்து இவ்வளவு தூரம் அனுப்பி அவள் கஷ்டப்பட வேண்டாம், நான் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று. தெருமுக்குக் கடையில் காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, பொழுது சாய்ந்தால் பரோட்டா என்று ஆயிற்று. அவளுக்கு ஒரு பாரம் குறைந்திருக்கும் என்று எண்ணியபடி கை கழுவினார்.

மாடியில் தாளிக்கிற வாசனை அதற்கு மறுநாளே நின்றுபோனது. பெண்கள் முதலில் சொல்லவில்லை. காற்று மாறி அடிக்கிறது போல என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, காயாத துணியோடு படியிறங்கி வந்து, "அண்ணாச்சி, மயினி வெளியூருக்கு எங்கயும் போயிருக்காகளா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துச் சங்கரநயினார் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்நேரம் பார்த்து பூலோகபாண்டி நடு அறையில் இருந்து டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார், கேனில் பால் அப்படியே தளும்பியது.

"என்ன பாண்டி, திரும்பிட்டீரு?"

"இன்னிக்கும் நேத்தும் அடுக்களை வரைக்கும் போக முடியல அண்ணாச்சி. பாதியிலயே பெட்ரோலு ரிசர்வுக்கு வந்துட்டு. அதுக்கு முந்தி போனப்பவே அக்கா பால் வேண்டாம்னுட்டா, ஒங்க ரெண்டு பேரு பாடுன்னு நானும் ஒங்ககிட்ட சொல்லல. அடுப்பு அணைஞ்சு கெடந்துச்சு. ஒலை வைக்கலையாக்கான்னு கேட்டேன். அவிய சாப்ட்ட சேதி இன்னும் வரலியேன்னா."

"நான்தான் சொல்லிவிட்டேனவே. வெளிய சாப்டுக்கிடுதேன்னு."

"சொன்னேன் அண்ணாச்சி. சொல்லாம இருப்பேனா. சாப்டுக்கிடுவாகங்கது சேதி இல்ல, சாப்ட்டாகங்கதுதான் சேதி அப்படின்னுட்டா."

அந்த நேரத்தில் சங்கரநயினாரின் வயிற்றில் நாலு இட்லி இருந்தது. அத்தனை நாளும் தான் தின்றதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார், சால்னாவில் ஊறின பரோட்டாவை, மேலுக்கு வாங்கித் தின்ற ஆம்லேட்டை, நன்றாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சொன்ன வார்த்தையை. பன்னிரண்டு வருஷமும் யார் யாரோ நின்றுபோன இடத்துக்கெல்லாம் மணிக்கணக்காக வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தவர், தன் வீட்டில் யார் நின்றுபோனவர் என்று தப்பாகக் கணக்குப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கடைக்குப் போய் ஒரு தயிர்ச்சோறு வாங்கினார். அலமாரியில் கவிழ்ந்து கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்து, அதில் பொட்டலத்தை வைத்து, துண்டால் கட்டினார். தண்ணீர் கேனைத் தோளில் மாட்டினார். ஜைத்தூன் பீவியின் கடைமுன் வந்து நின்று, முறைப்படி சொன்னார்: "அக்கா, சங்கரநயினார் பேசுதேன். உள்ள போறேன், நேரா அடுக்களைக்கு. சாயங்காலம் அஸர் பாங்குக்குள்ள வரலைன்னா ஆள் விடுங்க."

"அம்புட்டு தூரத்துக்கு நடந்தா போறீய? ஒரு வண்டிய எடுத்துக்கிடுங்க தம்பி."

"வண்டின்னா பெட்ரோலு தீர்ற எடத்துல நின்னுருவேங்க்கா. நடந்தா நிக்க மாட்டேன்."

அவள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

முதலில் கொஞ்ச தூரம் தரை தரையாகவே இருந்தது, இரண்டு பக்கமும் சுவர் கூடவே வந்தது, சுவரில் சிந்துஜா சின்ன வயதில் பென்சிலால் கிறுக்கியது நீண்டு நீண்டு மேகம்போல ஆகியிருந்தது. நடந்து திரும்புகிறவர்கள் எதிரே வந்தார்கள், இதற்கு மேல் டவர் கிடையாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடற்கரையாண்டியின் கற்கள் வந்தன, கொடிகள் படபடத்தன, கற்களும் முடிந்தன. பிறகு சுவர்கள் விலகி விலகி வெளிறிப் போய்க் கண்ணுக்கு மறைந்தன. டிவிஎஸ் தடம் ஓர் இடத்தில் வளைந்து வந்த வழியே திரும்பியிருந்தது, அதற்கு அப்பால் எந்தத் தடமும் இல்லை, மேலே அந்த ஒற்றைக் கண்ணாடி மட்டும் உச்சியில் நின்று எரிந்தது, கீழே சிவப்பு, எதிரே சிவப்பு, கண்ணை மூடினாலும் சிவப்பு. நடக்காதே நடக்காதே என்று அவருடைய கால்களே அவரிடம் சொல்லின, இருந்த இடத்தில் இரு, யாராவது வருவார்கள். யார் வருவார், அவளைத் தேடி வர இருக்கிற ஆள் நான்தானே என்று சொல்லிக்கொண்டு நடந்தார். தண்ணீரைத் தொடவில்லை, அது அவளுக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெகுதூரம் வந்துவிட்ட நினைப்பில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். அவருடைய கால்தடம் நேராக வந்து, பிறகு லேசாக இடதுபக்கம் வளைந்திருந்தது.

அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. நேர் என்று அவர் நினைத்தது நேர் இல்லை, திருத்திக்கொண்டால் அதுவும் நேராக இருக்குமா என்று சொல்ல யாரும் இல்லை, இனி ஒவ்வோர் அடியும் வட்டத்துக்குள்தான் விழும். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. அப்படியே உட்காரும்போது கைக்குள் இருந்த மூட்டை அவிழ்ந்து, பொட்டலம் மடியில் விழ, தட்டு மட்டும் உருண்டு போய், பொடியாமல் மிச்சம் இருந்த ஒரு துண்டுக் காவித்தரையில் விழுந்து, கணகணவென்று சுற்றி அடங்கியது.

வலதுபக்கம் வெகு தள்ளி, அவர் போய்க்கொண்டிருந்த திசையில் இல்லவே இல்லை, ஒரு குரல் கேட்டது.

"சாப்ட்டாச்சா?"

தட்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார். ஒரு சின்ன மேட்டுக்கு அந்தப்பக்கம் ஆவுடைத்தங்கம் உட்கார்ந்திருந்தாள், காலை நீட்டி, காலிக் குடத்தின்மேல் ஒரு கையை ஊன்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. கன்னம் ஒட்டியிருந்தது. கேனைத் திறந்து கொடுத்தார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

"போயி ஒங்க தட்டை ஒரு பார்வை பாத்துட்டு வந்துரலாம்னுதான் கெளம்புனேன். காலு வரல" என்றாள். பிறகு, விட்ட இடத்தில் இருந்து, "சாப்ட்டீயளா?" என்றாள்.

பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. இல்லை, உன்னை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவள் இந்தச் சோற்றையும் அவருக்கு எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"சாப்ட்டேன்" என்றார். "தினமும் சாப்ட்டேன். மூணு நேரமும். பரோட்டா. ஒரு நாளு ஆம்லேட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் அப்படிப் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லிவிடமாட்டாளா என்று அவர் நின்றார், ஏசினால்கூட நல்லது. அவள் கையை நீட்டினாள்.

"அப்ப கொண்டாங்க."

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்து, அவர் நிற்க, அவர் பார்க்க, உட்கார்ந்து சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. ஒரு பருக்கைகூட அவருக்கு மிச்சம் வைக்கவில்லை. காலையில் தின்றது எப்போதோ கரைந்து போயிருந்தது, அவருக்குக் குடல் முறுக்கியது, தயிரின் புளிப்பு மூக்கில் ஏறி வாயில் எச்சில் ஊறியது. ஊறியதை விழுங்கிக்கொண்டு, அவள் தட்டைக் கீழே வைக்கக் காத்திருந்தார். வைத்தாள். மிச்சத் தண்ணீரில் கை கழுவினாள்.

"பசிக்குதோ?"

"பசிக்கி."

"பசிக்கட்டும்" என்றாள். ஆனால் சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். பலகை எதுவும் இல்லை, தூசி துடைத்துவிட ஒன்றும் இல்லை. அவர் மண்ணில் உட்கார்ந்தார். கடற்கரையாண்டி கல் நட்டதைச் சொன்னார். பத்திரத்தைச் சொன்னார். அந்த வட்டத்தைக்கூடச் சொன்னார், அதன் கடைசியில் என்ன இருந்தது என்பதையும். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடி வெளிச்சம் மேற்கே சரிவதைப் பார்த்தபடி இருந்தாள்.

அஸர் பாங்கு அங்கே கேட்கவில்லை. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டது. முதலில் புழுதி தெரிந்தது, பிறகு கடற்கரையாண்டியின் கார், அதற்குப் பின்னால் பூலோகபாண்டியும் தெருக்காரர்களும் வண்டிகளில், ஆளுக்கொரு பெட்ரோல் கேனோடு. கடற்கரையாண்டிக்குத் தகவல் போனது பத்திர ஆபீசில் இருந்தபோதாம். அப்படியே கிளம்பி வந்திருக்கிறான். காரை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, ஒட்டிப்போன அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் உடைந்தது.

"என்னக்கா இது, இந்தப் பொட்டல்ல வந்து உக்காந்துருக்க. ஏறு. அத்தான், நீங்களும் ஏறுங்க. வீட்டுக்குப் போயிருவோம்."

ஆவுடைத்தங்கம் எழுந்திருக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தாள், பக்கத்தில் பசியோடு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தாள்.

"நாங்க வீட்டுக்குள்ளதாம்டே இருக்கோம்" என்றாள்.

பூலோகபாண்டிதான் முதலில் இன்ஜினை அணைத்தார். இறங்கினார். இறங்கியவர் சட்டென்று ஏதோ நினைவுக்கு வந்தவராக, செருப்பைக் கழற்றி வண்டிக்குப் பக்கத்தில் ஓரமாக விட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் கழற்றினார், பிறகு எல்லாரும். கடற்கரையாண்டி கடைசி வரைக்கும் நின்றான். கொடி கட்டின பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, ஷூவின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பகலெல்லாம் காய்ந்த மண் உள்ளங்காலைச் சுட்டது. அக்கா வா என்று சொல்லட்டும் என்று, கால் மாற்றிக் கால் மாற்றி அங்கேயே நின்றான்.